திருடன் அறுத்துப் போட்ட ஸ்டீரியோ வயர்கள்: எந்த வயர் எதற்கு?

கார்க் கண்ணாடியை உடைத்து ஸ்டீரியோவைத் திருடுபவனுக்கு நேரம் கிடையாது. பெட்டியின் பின்னால் உள்ள பிளக்கில் ஒரு சின்னக் கொக்கி இருக்கும். அதை அழுத்தினால் பிளக் தானாகக் கழன்று வரும். அதற்கெல்லாம் அவன் நிற்க மாட்டான். பெட்டியை வெளியே இழுப்பான், கைக்கு எட்டிய இடத்தில் வயர்க் கட்டை ஒரே வெட்டு, அவ்வளவுதான். டாஷ்போர்டில் ஒரு செவ்வக ஓட்டையும் அதற்குள் தொங்கும் பதினைந்து பதினாறு வயர் முனைகளும்தான் நமக்கு மிச்சம்.

சிங்கப்பூரில் இது அடிக்கடி நடக்கும் விஷயமில்லை. ஆனால் வெளியூரில், ஆள் நடமாட்டமில்லாத ஓரத்தில் நிறுத்திய பழைய காருக்கு நடக்கலாம். நடந்துவிட்டால் எதையும் ஒதுக்கிச் சுத்தம் செய்யும் முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள், காவல்துறையில் புகார் கொடுங்கள். ஜோகூர் பாருவில் நடந்திருந்தால் அங்கேயே கொடுத்துவிட்டுத் திரும்புவது நல்லது. காப்பீட்டில் இழப்பீடு கேட்பதற்கு முன்பு மட்டும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து ஆண்டுகள் எதுவும் கேட்காமல் ஓட்டியவருக்குக் கட்டணத்தில் 50 விழுக்காடு கழிவு இருக்கும். ஒரு முறை கேட்டால் அடுத்த புதுப்பிப்பில் அது வழக்கமாக 20 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். முதலில் நம் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை வேறு இருக்கிறது. ஒரு சாதாரண ஸ்டீரியோவுக்காக இதெல்லாம் பெரும்பாலும் கட்டுப்படியாகாது. சிஓஇ (காரை வைத்திருப்பதற்கான உரிமைச் சான்று) முடிய இன்னும் மூன்று நான்கு ஆண்டுகளே இருக்கும் கார் என்றால் சொல்லவே வேண்டாம். ஆகவே பலர் புது ஸ்டீரியோ ஒன்றை வாங்கிக்கொண்டு, இந்த வயர்களை என்ன செய்வது என்று பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

வயர்கள் பார்க்கத்தான் பயமாக இருக்கும். வேலையை வைத்துப் பிரித்தால் நான்கு வகைதான். கரன்ட் கொண்டு வருபவை ஒரு வகை. கரன்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போகும் எர்த் இரண்டாவது. ஸ்பீக்கருக்குப் போகும் ஜோடிகள் மூன்றாவது. மற்றவை செய்தி சொல்பவை: ‘விளக்கு போட்டாயிற்று’, ‘ஆன்டெனாவுக்குக் கரன்ட் கொடு’ என்ற மாதிரி.

கரன்ட் கொண்டு வரும் வயர் ஏன் இரண்டு இருக்கிறது என்பதை முதலில் பார்ப்போம். ஒன்றில் எப்போதும் 12 வோல்ட் இருக்கும், சாவியை எடுத்துவிட்டாலும் இருக்கும். கடிகாரம், நீங்கள் பதிந்து வைத்த நிலையங்கள், ஒலி அமைப்பு இவற்றை ஸ்டீரியோ மறக்காமல் இருப்பது இதனால்தான். கடையில் வாங்கும் ஸ்டீரியோக்களில் பெரும்பாலும் பெரிய கரன்டும் இதன் வழியாகத்தான் போகும். மற்றொன்றில் சாவியை ஏசிசி நிலைக்கு (என்ஜின் ஓடாமல் ரேடியோ போன்றவை மட்டும் வேலை செய்யும் நிலை) திருப்பினால் மட்டும் 12 வோல்ட் வரும். ‘ஆள் வந்தாச்சு, விழித்துக்கொள்’ என்று பெட்டிக்குச் சொல்வது அதன் வேலை. இரண்டையும் மாற்றிக் கொடுத்தாலும் பாட்டு கேட்கும். ஆனால் ஒவ்வொரு முறை காரை நிறுத்தும்போதும் ஸ்டீரியோ எல்லாவற்றையும் மறந்துவிடும். இரண்டையும் சேர்த்து நிரந்தர 12 வோல்ட்டில் கட்டினால் சாவியை எடுத்த பிறகும் ஸ்டீரியோ ஓடும். நீங்கள் கவனிக்காமல் போனால் மறுநாள் காலை கார் ஸ்டார்ட் ஆகாமல் போகலாம்.

எர்த்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காரின் உலோக உடம்பு முழுவதும் பேட்டரியின் நெகட்டிவ் முனையோடு சேர்ந்திருக்கிறது. எர்த் வயர் அந்த உடம்புக்குத்தான் போகிறது.

அதிகம் பேர் தவறாகப் புரிந்துகொள்வது ஸ்பீக்கர் வயர்களை. ஸ்பீக்கரின் நெகட்டிவ் என்றால் அதுவும் எர்த்தானே, உடம்போடு சேர்த்தால் என்ன என்று தோன்றும். சேர்க்கவே கூடாது. 12 வோல்ட்டை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பக்கம் எர்த்தில் கட்டிய 4 ஓம் ஸ்பீக்கருக்குக் கொடுத்தால் ஐந்து ஆறு வாட்டுக்கு மேல் தேறாது. அதனால் இன்றைய ஸ்டீரியோக்களில் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இரண்டு ஆம்ப்ளிஃபயர்கள் இருக்கும். ஒன்று ஒரு முனையைத் தள்ளும்போது மற்றது மறுமுனையை இழுக்கும். இப்படிச் செய்தால் 20 வாட்டுக்குக் கொஞ்சம் மேலே கிடைக்கும். (அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் ‘50 வாட் x 4’ ஒரு கணத்துக்கு எட்டும் உச்சம், தொடர்ந்து கிடைப்பது அதில் பாதி கூட இருக்காது.) இந்த ஏற்பாட்டில் இரண்டு முனைகளிலும் சுமார் 6 வோல்ட் எப்போதும் நிற்கும். ஒரு முனை கார் உடம்பில் பட்டால் உள்ளே இருக்கும் சிப் போய்விடலாம். போனால் புதுப் பெட்டிதான்.

சரி, இப்போது நிறம். கடையில் வாங்கும் ஸ்டீரியோக்களின் வயர் நிறங்கள் கிட்டத்தட்ட எல்லா நிறுவனங்களிலும் ஒன்றாகவே இருக்கும். மஞ்சள் நிரந்தர 12 வோல்ட், சிவப்பு ஏசிசி, கறுப்பு எர்த். வெள்ளை முன் இடது ஸ்பீக்கர், சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. அதே நிறத்தில் கறுப்புக் கோடு போட்டிருந்தால் அந்த ஸ்பீக்கரின் நெகட்டிவ். நீலம் ஆன்டெனாவுக்கு, நீலத்தில் வெள்ளைக் கோடு தனி ஆம்ப்ளிஃபயருக்கு, ஆரஞ்சு விளக்குக்கு.

இது பெட்டியின் பக்கம் மட்டும். கார் பக்கத்து வயர்களுக்கு இந்த ஒப்பந்தம் கிடையாது. 1990களிலும் 2000களிலும் வந்த பல டொயோட்டா கார்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் நிரந்தர 12 வோல்ட் என்பது மஞ்சள் கோடு போட்ட நீல வயர். ஏசிசி சாம்பல், எர்த் பழுப்பு. முழு மஞ்சள் வயரும் அங்கே உண்டு, ஆனால் அது பின் இடது ஸ்பீக்கரின் நெகட்டிவ். அதே ஸ்பீக்கரின் பாசிட்டிவ்தான் கறுப்பு. விளக்கு போட்டதும் 12 வோல்ட் வருவது பச்சையில். ‘பச்சைக்குப் பச்சை’ என்று நிறம் பார்த்து முறுக்குபவர், ஹெட்லைட்டைப் போட்ட நிமிடத்தில் 12 வோல்ட்டை நேராக ஆம்ப்ளிஃபயர் வாய்க்குள் அனுப்புகிறார். சாயங்காலம் வரை நன்றாகப் பாடிய ஸ்டீரியோ இருட்டியதும் செத்துப்போனதற்கு இதைவிடப் பெரிய மர்மம் தேவையில்லை. இணையத்தில் உங்கள் மாடலுக்குக் கிடைக்கும் நிறப் பட்டியல் ஒரு துப்பு, அதை வைத்துத் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. வயரை அதன் வேலையை வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும். அதற்கு வோல்ட்டையும் மின்தடையையும் (ஓம்) அளக்கும் ஒரு மல்டிமீட்டர் போதும், விலை குறைந்ததே தாராளம். தேக்காவிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஜாலான் புசாரில் இருக்கும் சிம் லிம் டவரில் மீட்டர், வயர், சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். எதிரில் உள்ள சிம் லிம் ஸ்குவேர் வேறு, அது கணினிக் கடைகள் நிறைந்தது.

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். அறுபட்ட ஒவ்வொரு முனையிலும் அரை சென்டிமீட்டர் தோலை உரித்து, ஒன்றோடொன்று படாதபடி வரிசையாக ஒரு பிளாஸ்டிக் கனெக்டர் பிளாக்கில் திருகிவிடுங்கள். வீட்டு விளக்குகளுக்குப் பயன்படுத்தும் அதே வெள்ளைப் பிளாக்தான். எண் எழுதிய டேப்பை ஒவ்வொன்றிலும் ஒட்டுங்கள். இதற்குப் பிறகுதான் பேட்டரியை மறுபடி மாட்ட வேண்டும். மீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். சிவப்புக் கம்பி 10 ஆம்ப் துளையில் இருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள். இருந்தால் வோல்ட் துளைக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் அளக்கப் போன இடத்திலேயே ஷார்ட் ஆகும்.

மீட்டரின் கறுப்பு முனையைப் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டில் வைத்துக்கொண்டு, சிவப்பு முனையால் ஒவ்வொரு வயராகத் தொடுங்கள். சாவி இல்லாமலே 12.4 முதல் 12.7 வோல்ட் வரை காட்டுவது நிரந்தர வயர். சாவியை ஏசிசிக்குத் திருப்பியதும் புதிதாக 12 வோல்ட் காட்டுவது ஏசிசி வயர். பொத்தானை அழுத்தி ஸ்டார்ட் செய்யும் கார் என்றால் பிரேக்கை மிதிக்காமல் ஒரு முறை அழுத்துங்கள். அடுத்து பார்க்கிங் விளக்கைப் போடுங்கள். இப்போது புதிதாக உயிர் பெறுவது விளக்கு வயர்.

எர்த்தைத் தேடும் முன்பே விளக்கு வயரைக் கண்டுபிடிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எர்த்தைக் கண்டுபிடிக்க, பேட்டரியைக் கழற்றிவிட்டு ஓம் அளவில் வைத்து, எந்த வயருக்கும் கார் உடம்புக்கும் இடையே கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டுகிறது என்று பார்ப்போம். விளக்கு வயரும் அதே போல மிகக் குறைந்த ஓம்தான் காட்டும். அதன் மறுமுனையில் பார்க்கிங் பல்புகள் வரிசையாக எர்த்தோடு சேர்ந்திருக்கின்றன, குளிர்ந்த பல்பின் இழைக்குத் தடை மிகவும் குறைவு. மீட்டரை மட்டும் நம்பி அதை எர்த் என்று கட்டியவர், விளக்கு போட்டதும் ஸ்டீரியோ அணைந்துபோவதைப் பார்த்துக் குழம்புவார். விளக்கு வயரை முதலிலேயே ஒதுக்கிவிட்டால் இந்தக் குழப்பம் இல்லை.

எங்குமே 12 வோல்ட் வரவில்லையா? வயரைக் குற்றம் சொல்லாதீர்கள். திருடனின் கத்தரி மொத்தக் கட்டையும் ஒரே கடியில் அறுத்தபோது, அந்த இரும்பு அலகே நிரந்தர வயரையும் எர்த்தையும் ஒரு கணம் சேர்த்திருக்கும். அந்தக் கணத்திலேயே ஃபியூஸ் போயிருக்கும். கூரை விளக்கோ கடிகாரமோ சிகரெட் லைட்டர் துளையோ சேர்ந்து வேலை செய்யாமல் இருந்தால் இதுதான் காரணம் என்று வைத்துக்கொள்ளலாம், பல கார்களில் ஒரே ஃபியூஸ் இவற்றுக்குப் பொது. அதே ஆம்ப் எண்ணுள்ள ஃபியூஸைப் போடுங்கள். 10 இருந்த இடத்தில் 20 போட்டால் அடுத்த ஷார்ட்டில் எரிவது ஃபியூஸாக இருக்காது, வயராக இருக்கும்.

மீதமுள்ளவற்றில் எட்டு வயர்கள் ஸ்பீக்கருக்கு உரியவை. மீட்டரை 200 ஓமில் வைத்து, ஒரு வயரைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். மூன்றிலிருந்து நான்கு ஓம் வரை காட்டினால் ஜோடி சேர்ந்துவிட்டது. ஜோடியில் எதுவும் கார் உடம்போடு தொடர்பு காட்டக் கூடாது. இனி எந்த ஜோடி எந்த ஸ்பீக்கர் என்று தெரிய வேண்டும். கடிகாரத்துக்குப் போடும் 1.5 வோல்ட் பேட்டரியின் இரு முனைகளையும் ஜோடியில் ஒரு நொடி தொட்டு எடுங்கள். எந்தக் கதவிலிருந்து ‘டப்’ என்று கேட்கிறதோ அது அந்த ஸ்பீக்கர். கார் பேட்டரியை இதற்குப் பயன்படுத்த வேண்டாம், ஸ்பீக்கர் சுருள் கருகிவிடும்.

அதே தொடுதலில் பாசிட்டிவ், நெகட்டிவும் தெரிந்துவிடும். ஸ்பீக்கரின் கூம்பு வெளியே தள்ளினால், பேட்டரியின் பாசிட்டிவ் தொட்ட வயர்தான் பாசிட்டிவ். உள்ளே இழுத்தால் தலைகீழ். கதவு அட்டைக்குப் பின்னால் கூம்பு தெரியாவிட்டால் காதால் கண்டுபிடிக்கலாம். ஒரு பக்கம் மட்டும் தலைகீழாக இருந்தால் ஒரு ஸ்பீக்கர் காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். மிருதங்கத்தின் தொப்பி நாதம் காணாமல் போய், பாடகர் குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாத மாதிரி ஒலிக்கும். ஒரு ஸ்பீக்கரின் இரு வயர்களையும் மாற்றிப் பாருங்கள். அடித்தொனி எந்த இணைப்பில் கூடுகிறதோ அதுவே சரி.

எந்த ஜோடியும் நான்கு ஓம் காட்டவில்லை என்றால், உங்கள் காரில் நிறுவனமே தனி ஆம்ப்ளிஃபயர் வைத்திருக்கலாம். அது பெரும்பாலும் இருக்கைக்கு அடியிலோ பூட்டிலோ இருக்கும். அந்தக் காருக்கு நீல-வெள்ளை வயரும் வேண்டும், இல்லையென்றால் ஆம்ப்ளிஃபயர் விழிக்காது. ஸ்டீயரிங் பொத்தான்களின் வயர், ரிவர்ஸ் கேமரா வயர் இவை மிஞ்சினால் முனையை மூடி ஓரமாக வையுங்கள், பாட்டுக்கு அவை தேவையில்லை.

சில கார்களில் எவ்வளவு தேடினாலும் ஏசிசி வயர் கிடைக்காது. கிடைக்காததற்குக் காரணம், அப்படி ஒரு வயரே இல்லை. புதிய கார்களில் ‘சாவி போட்டாயிற்று’ என்ற செய்தி கேன் பஸ் எனப்படும் முறுக்கிய இரண்டு வயர்கள் வழியே தகவலாகப் போகிறது. அதற்கு மாடலுக்கேற்ற தனிப் பெட்டி வாங்க வேண்டும். 2000களின் ஐரோப்பிய சொகுசு கார்கள் சிலவற்றில் ஒலியே கண்ணாடி இழையில் போகும். அதை அறுத்திருந்தால் ஊபியிலோ காக்கி புக்கிட்டிலோ உள்ள வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போவதே மேல். மஞ்சள் உறைக்குள் அல்லது மஞ்சள் பிளக்கோடு வரும் வயர்கள் ஏர்பேக்குடையவை. அவற்றில் மீட்டர், பல்பு, பேட்டரி எதையும் வைக்கக் கூடாது. இஆர்பி (மின்னணுச் சாலைக் கட்டண) கருவியின் வயரும் அந்தப் பக்கமாகப் போகலாம். அதுவும் அறுபட்டிருந்தால் நீங்களே ஒட்டுப்போடாமல் அங்கீகரிக்கப்பட்ட நிலையத்துக்குப் போங்கள்.

இணைப்புக்கு வருவோம். முறுக்கி டேப் சுற்றினால் போதும் என்று சொல்லாத ஆள் கிடையாது. கண்ணாடி ஏற்றி வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்டு நம் ஊரில் 60 டிகிரிக்கு மேல் சூடாகும். அந்தச் சூட்டில் கறுப்பு டேப்பின் பசை இளகி, சில மாதங்களில் டேப் தானாக வழுக்கிப் பிரியும். உள்ளே முறுக்கிய செம்பு வெளியே தெரியும். மிச்சக் கதை உங்களுக்குத் தெரியும்.

சால்டரிங் தெரிந்தவர் செய்யலாம், நல்ல இணைப்புத்தான். ஆனால் முதல் முறை செய்பவருக்கு, டாஷ்போர்டு ஓட்டைக்குள் தலையை விட்டுக்கொண்டு சூடான இரும்பைப் பிடிப்பதைவிட கிரிம்ப் செய்வதை (வயர்களை உலோகக் குழாய்க்குள் விட்டு நசுக்கி இணைப்பதை) நான் சொல்வேன். சுருங்கும் உறையோடு வரும் கிரிம்ப் குழாய்களில் சிவப்பு 0.5 முதல் 1.5 சதுர மில்லிமீட்டர் வயருக்கு. ஸ்டீரியோ வயர்கள் பெரும்பாலும் இதற்குள் அடங்கும். ஸ்பீக்கர் வயர் மிக மெல்லியதாக இருந்தால் இரண்டு மடங்கு நீளம் உரித்து மடித்து உள்ளே விடுங்கள், பிடிப்பு கிடைக்கும். கட்டிங் பிளேயரால் நசுக்காதீர்கள். கிரிம்ப் செய்வதற்கென்றே உள்ள, முழுதாக அழுத்தினால்தான் திறக்கும் கருவி வேண்டும். செய்தபின் நன்றாக இழுத்துப் பாருங்கள். கையோடு வருவது இப்போதே வரட்டும். திருடன் வயரைக் குட்டையாக அறுத்திருந்தால் ஒரு சாண் நீட்ட வேண்டியிருக்கும். பல இழைகள் கொண்ட கார் வயரையே வாங்குங்கள். கரன்ட்டுக்கும் எர்த்துக்கும் 1 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும், ஸ்பீக்கருக்கு 0.75 போதும். எல்லா இணைப்புகளும் ஒரே இடத்தில் வராமல் ஒன்றுக்கொன்று சற்றுத் தள்ளி வைத்தால் கட்டு பருமனாகாது, பெட்டி உள்ளே போகும்.

வயருக்கு வயர் நேராக இணைத்துவிடலாம். ஆனால் நடுவில் ஒரு ஐஎஸ்ஓ பிளக் ஜோடி (கார் ஸ்டீரியோக்களுக்கான பொதுத் தர பிளக்) வைப்பது கையோடு செய்யத்தக்க வேலை, அடுத்த முறை ஸ்டீரியோ மாற்றும்போது கழற்றி மாட்டினால் போதும். கடையில் கேட்கும்போது தெளிவாகக் கேளுங்கள். ‘உங்கள் மாடல் அடாப்டர்’ என்று அவர்கள் கொடுப்பது காரின் பிளக்கில் செருகும் துண்டு. உங்கள் காரின் பிளக் திருடனோடு போய்விட்டது, ஆகவே உங்களுக்கு வேண்டியது கார்ப்பக்கத்துத் துண்டு. ஐஎஸ்ஓ பிளக்கில் கரன்ட் பக்கத்தின் 4ஆம் துளை நிரந்தரம், 7 ஏசிசி, 8 எர்த், 6 விளக்கு, 5 ஆன்டெனா. ஸ்பீக்கர் பக்கத்தில் 1, 2 பின் வலது, 3, 4 முன் வலது, 5, 6 முன் இடது, 7, 8 பின் இடது. ஒற்றைப்படை எண் பாசிட்டிவ். சில பழைய ஃபோக்ஸ்வேகன் கார்களில் 4ம் 7ம் இடம் மாறியிருக்கும்.

ஆன்டெனா கேபிளும் அறுபட்டிருந்தால் அதைச் சாதாரண வயர் போல முறுக்க முடியாது. நடுக்கம்பியைச் சுற்றி வலை போர்த்திய கேபிள் அது. இரண்டும் தொட்டால் சிக்னல் இல்லை. புது முனையோ புதுக் கேபிளோ போடுவதே சுலபம். கண்ணாடியிலோ கூரையிலோ ஆன்டெனா உள்ள கார்கள் பலவற்றில் அதற்குள் ஒரு சின்ன பூஸ்டர் இருக்கும். நீல வயரை விட்டுவிட்டால் நம் தமிழ் வானொலி ‘ஒலி 96.8’ இரைச்சலோடுதான் கேட்கும்.

பெட்டியை உள்ளே தள்ளும் முன் வெளியே வைத்தே ஓட்டிப் பாருங்கள். பேலன்ஸ் (இடம்-வலம்), ஃபேடரை (முன்-பின்) நகர்த்தி நான்கு ஸ்பீக்கரும் தனித்தனியே பாடுகின்றனவா, விளக்கு போட்டால் திரை மங்குகிறதா, சாவியை எடுத்தால் அணைகிறதா, மறுபடி போட்டால் நிலையம் நினைவிருக்கிறதா என்று பாருங்கள்.

பணத்தை மிச்சப்படுத்தப் பழைய ஸ்டீரியோ தேடுபவர்களுக்கு ஒன்று. முன்பு இதற்குச் சுங்கை ரோடு சந்தை இருந்தது, 2017 ஜூலையில் மூடிவிட்டார்கள். இப்போது இணையத்தில் மலிவாகக் கிடைப்பவற்றில் ஜப்பான் உள்நாட்டுப் பெட்டிகளும் உண்டு. அங்கே எஃப்எம் 76இல் தொடங்கி 90 மெகாஹெர்ட்ஸில் முடியும், புதியவற்றில் 95 வரை. நம் நிலையங்கள் 88க்கும் 108க்கும் நடுவில் இருக்கின்றன. அந்தப் பெட்டியில் 96.8 என்ற எண்ணே வராது. ஆன்டெனா கேபிளுக்கும் பெட்டிக்கும் நடுவே மாட்டும் ஒரு சின்ன கன்வர்ட்டர் அலைவரிசையைக் கீழே இறக்கித் தரும், அதற்கும் ஏசிசியிலிருந்து 12 வோல்ட் கொடுக்க வேண்டும். அப்போதும் திரையில் தெரிவது வேறு ஏதோ எண்ணாகத்தான் இருக்கும்.